புது சூப்பர் மார்க்கெட், பழைய அண்ணாச்சி கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது தென்மாவட்டத்தில் ஒரு மில் ஊர். தென்காசி போகிற சாலையில், முன்பு மரக்கடை இருந்த இடத்தில், போன தை மாதம் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று திறந்தார்கள். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற கம்பெனி. ஏ.சி., டிராலி, வாசலில் செக்யூரிட்டி என்று எல்லாம் உண்டு. அதிலிருந்து எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் சேர்ந்தால் பேச்சு இதுதான். நான் கணக்கு எழுதுகிற வேலை பார்ப்பவள் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வந்துவிடும். மூன்று மாதம் இரண்டு கடை பில்லையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், எங்கே விலை குறைவு?

ஒரே வார்த்தையில் முடியாது. பாக்கெட்டில் வருவது சூப்பர் மார்க்கெட்டில் குறைவு, சாக்கிலிருந்து அள்ளிப் போடுவது அண்ணாச்சி கடையில் குறைவு. சோப்பு, துணி பவுடர், பேஸ்ட், டீத்தூள், பிஸ்கட், எண்ணெய் பாக்கெட் எல்லாம் முதல் வகை. சீரகம், கடுகு, பொட்டுக்கடலை, வத்தல், புளி இரண்டாம் வகை.

எங்கள் வீட்டில் நாலு பேர். ஒரு மாத லிஸ்ட்டை அப்படியே இரண்டு இடத்திலும் விலை போட்டுப் பார்த்தபோது, பாக்கெட் சாமானில் சூப்பர் மார்க்கெட் 280 ரூபாய் மிச்சம் காட்டியது. சில்லறைச் சாமானில் அது 90 ரூபாய் கூடுதல். ஆக 190 ரூபாய் லாபம். ஆனால் அன்றைக்கு லிஸ்ட்டில் இல்லாமல் டிராலியில் ஏறி வந்தவை மட்டும் 640 ரூபாய்: ஒரு பிளாஸ்டிக் டப்பா செட், சின்னவன் எடுத்துப் போட்ட சாக்லேட் பவுடர், நான் இன்னும் பிரிக்காத ஓட்ஸ். இது எங்கள் வீட்டுக் கணக்கு. மனக்கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு வேறு மாதிரி வரலாம்.

ரேஷன் பருப்பையும் பாமாயிலையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். கிலோ 30 ரூபாய்ப் பருப்போடும் லிட்டர் 25 ரூபாய் எண்ணெயோடும் எந்தக் கடையும் மல்லுக்கட்ட முடியாது.

எம்.ஆர்.பி.க்குக் கீழே எப்படி விற்கிறார்கள்? காலாவதி சரக்கா?

பெரும்பாலும் இல்லை. சோப்புக் கம்பெனி சரக்கு எங்கள் அண்ணாச்சி கடைக்கு வர வேண்டுமென்றால் ஏஜென்சி, அவர்களுடைய சேல்ஸ்மேன், டெலிவரி வண்டி என்று கை மாறி வரும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டும். பெரிய கடைகள் கம்பெனியிடமே லாரிக் கணக்கில் எடுக்கின்றன. கண் மட்டத்தில் வைக்கிற அலமாரிக்கும், பில் போடும் இடத்துப் பக்கத்துத் தட்டுக்கும் கம்பெனிகள் தனியாகப் பணம் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

இதைக் கலையாகவே செய்தவர் டி-மார்ட் என்ற சங்கிலிக் கடையின் நிறுவனர் ராதாகிஷன் தமானி. 2002-ல் மும்பை போவாயில் முதல் கடை. வாடகைக்குப் போகாமல் முடிந்தவரை சொந்த இடத்தில் கடை, சரக்கு தந்தவருக்குச் சீக்கிரம் பணம், அதற்குப் பதிலாக விலைக் குறைப்பு, அலங்காரம் குறைவு. அங்கே மிச்சமானதுதான் விலைச் சீட்டில் குறைகிறது. எல்லாச் சங்கிலிக் கடைகளும் அப்படி இல்லை. சிலர் நாலு சாமானை அடக்க விலைக்கும் கீழே போட்டு உங்களை உள்ளே இழுத்து, மற்ற நாற்பது சாமானில் எடுத்துவிடுவார்கள். சர்க்கரையும் எண்ணெயும்தான் வழக்கமான தூண்டில் புழு.

அப்படியானால் அண்ணாச்சி எம்.ஆர்.பி.க்கே விற்பது ஏமாற்று இல்லையா?

இல்லை. எம்.ஆர்.பி. என்பது வரியெல்லாம் சேர்த்த உச்ச விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும், கூலிங் சார்ஜ் என்று சொல்லி வாங்கினாலும், குற்றம். அந்த விலைக்கே விற்பது அவர் உரிமை. கேட்டால் குறைப்பார், அது வேறு. மொத்த லிஸ்ட்டைக் கொடுத்து, "பார்த்துப் போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் கடையில் பில் தொகையில் கடைசி இலக்கத்தைத் தட்டிவிட்டு, கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் போடுவார்.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" நிஜமா?

நிஜம்தான். எதில் ஒன்று என்பதைப் பாருங்கள். 2022 வரை பல சாமான்களுக்கு இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. அது போய்விட்டது. இப்போது லிட்டர் பாக்கெட் மாதிரியே உப்பலாக இருக்கும் எண்ணெய்க் கவரில் 850 கிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். எண்ணெய் தண்ணீரை விட லேசு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். ஆகவே அந்த 850 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பத்து ரூபாய் குறைவு என்று நீங்கள் எடுத்தது உண்மையில் குறைவே இல்லாமல் போகலாம். செக்கில் ஆட்டுகிற கடைகளில் கிலோவுக்கு விலை சொன்னால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். கிலோ என்றால் சுமார் 1.1 லிட்டர்.

அளவு விதியை எடுத்ததற்கு ஈடாக ஒரு நல்லது செய்தார்கள். கிராமுக்கு அல்லது கிலோவுக்கு எவ்வளவு என்பதையும் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பூச்சி எழுத்தில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்பதுகூட எப்போதும் சரியில்லை. எங்கள் வீட்டு ஷாம்பு சாஷேயாக வாங்கினால்தான் மில்லிக்கு மலிவாக இருக்கிறது.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோ?

இதை எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டி பாக்கெட்டில் வரும் அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. ஆனால் 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்குக் கிடையாது. அதனால் மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26 ஆக்கிவிட்டார்கள். சாக்கைப் பிரித்து எடை போட்டுத் தருகிற அரிசிக்கும் வரி இல்லை. சூப்பர் மார்க்கெட்டின் அழகான ஐந்து கிலோ பாக்கெட் அரிசியில் நீங்கள் பாக்கெட்டுக்கும் வரிக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

பருப்பு, அரிசி, வத்தல்: எங்கே தரம்?

எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். விலையில் பத்து ரூபாய் போனால் போகிறது, வேகாத பருப்பு கேஸையும் தின்னும், நேரத்தையும் தின்னும்.

சூப்பர் மார்க்கெட் பருப்பு சுத்தமாக இருக்கும், ஒரே அளவாக இருக்கும், கல் இருக்காது. எந்த லாட், எப்போது உடைத்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. யூனிஃபார்ம் போட்ட பெண் பாவம், பாக்கெட்டைத் திருப்பி அதில் இருப்பதையே நமக்குப் படித்துக் காட்டும்.

அண்ணாச்சி கடையில் நடந்ததைச் சொல்கிறேன். போன பங்குனியில் துவரம்பருப்பு இரண்டு கிலோ கேட்டேன். கரண்டியைச் சாக்கில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். நாலு பருப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலால் தேய்த்துக் காட்டினார். "தாயி, இந்த லாட்டு வேக மாட்டேங்குது. ரெண்டு வீட்ல சொல்லிட்டாங்க. விருதுநகர்ல சொல்லியிருக்கேன், வெள்ளிக்கிழமை புதுசு வருது. அவசரம்னா கால் கிலோ மட்டும் கொண்டு போ" என்றார். விற்கிற சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்வது எந்த ஆஃபர் போர்டிலும் வராது. அடுத்த மாதமும் நான் வர வேண்டும், என் முகத்தை அவர் பார்க்க வேண்டும், அதுதான் காரணம். பெரிய மனசு என்று நான் சொல்ல வரவில்லை. வியாபாரம்தான்.

எங்கள் பக்கம் விருதுநகர் பருப்பு, வத்தல், எண்ணெய் சந்தைக்குப் பக்கமாக இருப்பதும் ஒரு சௌகரியம். அங்கே விலை இறங்கினால் இரண்டு நாளில் அண்ணாச்சி கடைச் சிலேட்டில் தெரியும். பாக்கெட்டில் அச்சடித்த விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. விலை ஏறும்போது இதே வேகத்தில் சிலேட்டிலும் ஏறும் என்பதையும் மறைக்கக் கூடாது.

அரிசியில் பழையதா புதியதா என்பதே பெரிய விஷயம். புது அரிசி குழையும். ஆறு மாதம் பழசா, ஒரு வருஷம் பழசா என்று அண்ணாச்சியிடம் கேட்கலாம், ஒரு கைப்பிடி வாங்கிப் போய் வடித்தும் பார்க்கலாம். மிளகாய் வத்தலில் குண்டு வேண்டுமா, சம்பா நீட்டு வத்தல் வேண்டுமா, சாம்பாருக்கா சட்னிக்கா என்றெல்லாம் பேசி வாங்குகிற விஷயம் அது. சூப்பர் மார்க்கெட்டில் "ரெட் சில்லி" என்று ஒரே ஒரு கவர் தொங்குகிறது.

மாறாக, சீஸ், நூடுல்ஸ், குழந்தை டயாபர், சர்க்கரை வியாதிக்காரருக்கான பிஸ்கட் மாதிரியானவற்றுக்குப் பெரிய கடைக்கே போங்கள். அண்ணாச்சி கடையில் அது எப்போது வந்த சரக்கு என்பது அவருக்கே நினைவிருக்காது. வாங்கினால் தேதி பார்த்து வாங்குங்கள்.

கடன் நோட்டு இருக்கிறதே, அதற்கு ஈடு உண்டா?

மில்லில் சம்பளம் ஏழாம் தேதி. இருபதாம் தேதிக்கு மேல் ஊரில் பாதி வீடு நோட்டில்தான் ஓடுகிறது. நீளமான பேரேடு, மேல் மூலையில் வீட்டுப் பெயர், தேதி வாரியாகச் சாமான், நம் கையில் அதற்கு இணையாக ஒரு சின்ன நோட்டு. வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் கிரெடிட் கார்டு வாங்குவார்களே என்றால், எங்கள் தெருவில் எத்தனை பேரிடம் கார்டு இருக்கிறது?

ஆனால் நோட்டும் இலவசம் இல்லை. பற்று வைத்து வாங்குகிறவர் விலை கேட்க மாட்டார். கேட்கக் கூச்சமாக இருக்கும். ரொக்கத்துக்குக் குறைக்கிற இரண்டு ரூபாய் நோட்டுக்குக் குறையாது. அதுதான் அதன் வட்டி. என் சொந்தக்காரர் வீட்டு நோட்டில் ஒரு மாதம் அவர்கள் வாங்காத நெய் ஒன்று ஏறியிருந்தது. எழுதிய பையன் பக்கத்துப் பக்கத்தில் எழுத வேண்டியதை மாற்றிவிட்டான். கேட்டவுடன் கடைக்காரர் அடித்துவிட்டார், கேட்காமல் இருந்திருந்தால் போயிருக்கும். ஆகையால் அன்றன்றே உங்கள் நோட்டிலும் எழுத வையுங்கள். குழந்தையிடம் நோட்டைக் கொடுத்து அனுப்பினால் சாயங்காலம் ஒரு தடவை புரட்டுங்கள்.

அப்புறம், மூன்று மாதம் நோட்டில் வாங்கிவிட்டு சம்பளம் வந்ததும் ரொக்கத்தோடு சூப்பர் மார்க்கெட் போகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நெருக்கடி வந்து மறுபடி நோட்டை நீட்டும்போது பென்சில் அவர் காதிலிருந்து இறங்கத் தாமதமாகும்.

சுத்தம், எடை?

சுத்தத்தில் சூப்பர் மார்க்கெட்தான். எலி, வண்டு, தூசி விஷயத்தில் அண்ணாச்சிக்காக நான் வாதாட மாட்டேன். பழைய பேப்பரில் பொட்டலம் மடித்து, நூலைச் சுற்றிச் சட்டென்று அறுக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்தான், ஆனால் அச்சு மை உடம்புக்கு ஆகாது, செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. டப்பாவைக் கொண்டுபோய் நேராக அதில் போடச் சொல்லிவிடுங்கள். டின்னிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் சில்லறை எண்ணெய் வேண்டவே வேண்டாம். கலப்படத்துக்கு அதுதான் முதல் வாசல்.

எடையில் இரண்டு இடத்திலும் கண் வேண்டும். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா, சாமான் வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியோடு நிறுத்தினால் பெட்டியின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். ஸ்வீட் கடைக்கும் இது பொருந்தும்.

பைக்குக் காசு கேட்கிறார்கள், போன் நம்பர் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

போன் நம்பர் கட்டாயமில்லை. வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-லேயே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. "நம்பர் இல்லாம பில் வராதுக்கா" என்றால், "வரும், போட்டுப் பாரு பாப்பா" என்று சொல்லுங்கள். எனக்கு வந்தது.

பை விஷயத்தில், நம் சொந்தப் பையை உள்ளே விடாமல், முன்கூட்டியே சொல்லாமல், பில் போடும்போது பைக்குக் காசு பிடுங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. மஞ்சப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனால் சண்டையே இல்லை. 2019 முதல் பிளாஸ்டிக் தடை வந்தபிறகு அண்ணாச்சி கடையிலும் பை கொண்டுதான் போக வேண்டும், சட்டப்படி.

அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை வந்தால்?

எனக்கு இரண்டு தடவை நடந்தது. அலமாரிச் சீட்டில் 165, பில்லில் 182. "ஆஃபர் நேத்தோட முடிஞ்சிருச்சுக்கா, சீட்டு மாத்தலை" என்றார்கள். சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் பேசாமல் திருத்திக் கொடுத்தார்கள். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்களே என்று நாம் சங்கடப்பட்டுப் பேசாமல் வந்துவிடுகிறோம், அதில்தான் கோட்டை விடுகிறோம். வாசலைத் தாண்டுவதற்குள் ஓரமாக நின்று பில்லை ஒரு பார்வை பாருங்கள். சரி செய்ய மறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்.

நம் ஊர்ப் பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார்களே?

கொடுத்திருக்கிறார்கள், உண்மை. அதில் இரண்டு பேர் எங்கள் தெருப் பிள்ளைகள், முன்பு மில்லுக்குப் போனவர்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வங்கியில் விழுகிறது. அண்ணாச்சி கடையில் பொட்டலம் கட்டுகிற பையனுக்கு இது எதுவும் கிடையாது. ஒன்று மட்டும்: கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்தது. பில் போடும் பெண்களுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று அடுத்த தடவை போகும்போது எட்டிப் பாருங்கள்.

இனி அண்ணாச்சி கடைகள் மூடிவிடுமா?

இந்தப் பயம் புதிதில்லை. 1904-ல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை வந்தது, அப்புறம் ஊர் ஊருக்குக் கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்டுகள் வந்தன. 1997-ல் சென்னை திருவான்மியூரில் தொடங்கிய சுபிக்ஷா, நாடெங்கும் 1,600 கடை வரை போய், 2009-ல் சுத்தமாகப் படுத்துவிட்டது. 2012-ல் மத்திய அரசு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்தபோது, தமிழ்நாட்டுக்குள் விடமாட்டேன் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா சொன்னார். ஒவ்வொரு மே 5-ம் தேதியும் வணிகர் தின மாநாட்டில் இதே பேச்சு ஓடுகிறது.

என் கணிப்பு, எல்லோரும் தப்ப மாட்டார்கள். பாக்கெட் சாமானை மட்டும் அடுக்கி வைத்துப் பிழைக்கிற சின்னக் கடைகள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கஷ்டம். எங்கள் பக்கம் அப்படி ஒரு கடை ஏற்கனவே செல்போன் கடையாகிவிட்டது. சில்லறைச் சரக்கில் கை தேர்ந்தவர், போன் பண்ணினால் வீட்டுக்குப் பையனை அனுப்புகிறவர், காலை ஆறு மணிக்குத் திறக்கிறவர் நிற்பார். அவரையும் மிரட்டுவது சூப்பர் மார்க்கெட் இல்லை. அவர் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான்.

சூப்பர் மார்க்கெட் பையோடு அண்ணாச்சி கடையைத் தாண்டிப் போக ஒரு மாதிரி இருக்கிறதே?

எனக்கும் இருந்தது. இரண்டு மாதம் பிள்ளையார் கோவில் சந்து வழியாகச் சுற்றிப் போனேன். ஒருநாள் மழை, சந்தில் சாக்கடைத் தண்ணீர், வேறு வழியில்லாமல் நேர் தெருவில் வந்து மாட்டிக்கொண்டேன். கையில் அந்தப் பெரிய எழுத்துப் பை. அண்ணாச்சி தராசுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "எண்ணெய் ஆஃபராமே தாயி?" என்றார். ஆமாம் என்றேன், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"ஏஜென்சிக்காரன் எனக்குப் போடுற விலையவிட எட்டு ரூவா கம்மியா இருக்கு. அந்தக் கடையில ஆளுக்கு ரெண்டு பாக்கெட்தான் தருவானாம், பையனை ஏற்கனவே அனுப்பிட்டேன். நீ அடுத்த தடவை போறப்ப எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா, நோட்டுல கழிச்சிக்கலாம்" என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். நோட்டில் கழித்துக்கொண்டார்.